ரெசிடென்ஸும் டொமிசைலும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விழாவில் பேச வேண்டுமென்று செயலாளர் கட்டளையிட்டபோது, திருக்குறளையோ கம்பனையோ எடுத்துக்கொள்வோம் என்றே அவர் எண்ணியிருப்பார். அவற்றைப் பேசத் தகுதி வாய்ந்தோர் இந்த அவையிலேயே பலர் உளர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே காரியாலயத்தில் கோப்புகளை நகர்த்திக் காலங் கழிக்கும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் அத்துறையில் கை வைப்பது அழகன்று. ஆகவே எங்கள் மேசைமீது நாள்தோறும் வந்து விழும் இரண்டு ஆங்கிலச் சொற்களையே இன்று எடுத்துக்கொண்டோம். ஒன்று ரெசிடென்ஸ், மற்றொன்று டொமிசைல்.

இதென்ன விழாவுக்குரிய பொருளா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். வைகாசியும் ஆனியும் வந்துவிட்டால் இக்காலனியில் எத்தனை வீடுகளில் இவ்விரண்டு சொற்களால் உறக்கம் கெடுகிறது என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்கும். கல்லூரிப் படிவம் முன்னே இருக்கும். ஓரிடத்தில் ரெசிடென்ஸ் என்று கேட்டிருக்கும். நான்கு வரி தள்ளி டொமிசைல் என்று கேட்டிருக்கும். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் வசிப்பிடம் என்றே பொருள் எழுதியிருக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு கட்டங்களை எவனாவது அச்சடிப்பானா?

சொற்களின் பிறப்பை முதலில் பார்ப்போம். இரண்டும் லத்தீனிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தவை. ரெசிடென்ஸ் என்பதன் அடியில் உட்காருதல் என்ற வினை இருக்கிறது. போன இடத்தில் உட்கார்ந்துவிட்டவன் அவ்விடத்து ரெசிடென்ட். டொமிசைல் என்பதன் அடியிலோ வீடு என்ற பெயர்ச்சொல் இருக்கிறது. உட்கார்ந்த இடமெல்லாம் வீடாகிவிடுமா? ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறோம். அதை வீடென்று சொல்வாரில்லை.

இவ்வேற்றுமை தமிழனுக்குப் புதிதன்று. ரயிலில் எதிரே அமர்ந்தவர் தமிழர் என்று தெரிந்தவுடன் நாம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். “உங்களுக்கு எந்த ஊர்?” என்பது முதலாவது. “இப்போது எங்கே இருக்கிறீர்கள்?” என்பது அடுத்தது. முதற் கேள்விக்கு அம்பாசமுத்திரம் என்றோ ஆரணி என்றோ விடை வரும். இரண்டாவதற்குக் குவார்ட்டர்ஸ் எண்ணோடு விடை வரும். எவரும் இவ்விரண்டையும் மாற்றிச் சொல்வதில்லை. இக்காலனியிலேயே பிறந்து, இங்கேயே பணிபுரிந்து, ஓய்வு பெறப் போகும் பெரியவரும்கூட முதற் கேள்விக்குத் தம் பாட்டனார் ஊரையே சொல்வார். இந்தப் பழக்கம்தான் படிவத்தின் முன் நம்மை இடறி விழச் செய்கிறது. அது எப்படி என்பதற்குப் பின்னால் வருவோம்.

சட்டம் இச்சொற்களை எவ்வாறு பிரிக்கிறது? நாங்கள் வக்கீல்கள் அல்லோம். ஆயினும், வேண்டிய அளவுக்கு நூல்களைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்தோம். ரெசிடென்ஸ் என்பது உடம்பைப் பற்றியது. உடம்பு எங்கே இருக்கிறது, எத்தனை நாள் இருந்தது என்ற கணக்கோடு அது முடிந்துவிடும். டொமிசைலுக்கு உடம்பு மட்டும் போதாது. இனி என்றென்றும் இங்கேதான் இருப்பேன் என்ற மன உறுதியும் உடன் வேண்டும். ஆகவே ஒருவருக்கு இரண்டு ரெசிடென்ஸ் இருக்கலாம்; ஒரே காலத்தில் இரண்டு டொமிசைல் இருக்க முடியாது. நாடோடிக்கு ரெசிடென்ஸ் என்பதே இல்லாமலும் போகலாம். டொமிசைல் இல்லாத மனிதன் இல்லை. பிறக்கும்போதே தந்தையின் டொமிசைல் குழந்தைமேல் ஒட்டிக்கொள்கிறது. வேறொன்றை அவன் மனமார ஏற்கும் வரையில் அது போகாது.

நமது அரசியல் சட்டத்தின் ஐந்தாவது ஷரத்தில் இரண்டு சொற்களும் அருகருகே நிற்கின்றன. சட்டம் தொடங்கிய காலத்தில் யார் யார் இந்தியப் பிரஜைகள் என்பதை அது வரையறுக்கிறது. இந்தியாவில் டொமிசைல் உடையவராயிருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதன்மேல், இங்கே பிறந்தவராகவோ, தாய் தந்தையருள் ஒருவர் இங்கே பிறந்தவராகவோ, சட்டத்திற்கு முந்தைய 5 ஆண்டுகள் இங்கே சாதாரணமாக வசித்தவராகவோ இருக்க வேண்டும். டொமிசைலும் வாசமும் ஒன்றேயானால், சட்டம் இயற்றிய பேரறிஞர்கள் ஒரே ஷரத்தில் இரண்டையும் வெவ்வேறாக எழுதியிருக்க மாட்டார்கள்.

இனி இரண்டு கதைகள் சொல்கிறோம். இரண்டும் இங்கிலாந்து வழக்குகள். முதலாமவர் நம் இனத்தவர், அதாவது, ரயில்வேக்காரர்.

வில்லியம் லூயிஸ் வைனன்ஸ் என்று பெயர். அமெரிக்கர். 1850-ஆம் ஆண்டில் ருஷ்யாவுக்குச் சென்று, அங்கே ரயில் பாதைகளுக்கு வேண்டிய தளவாடங்களைச் செய்து கொடுக்கும் தொழிலில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். உடல்நிலை குலைந்தது. ருஷ்யக் குளிர்காலம் இன்னொன்றைக் கண்டால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர்கள் சொல்ல, 1860-இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகருக்குக் குளிர்காலத்தைக் கழிக்க வந்தார். வந்தவர் 1897-இல் இறக்கும் வரை, 37 ஆண்டுகள் பெரும்பாலும் அந்நாட்டிலேயே கழித்துவிட்டார். அமெரிக்காவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆனால் இங்கிலாந்தின்மேல் அவருக்கு அணுவளவும் பிரியம் கிடையாது. சுருட்டு வடிவத்தில் ஒரு புதுவகைக் கப்பலை உருவாக்கி, உலகத்துச் சரக்குப் போக்குவரத்து முழுவதையும் ஆங்கிலேயரிடமிருந்து அமெரிக்கருக்குப் பறித்துக் கொடுக்க வேண்டும் என்பதே அவருடைய ஓயாத கனவு. அக்கப்பல்களுக்குத் துறை அமைப்பதற்காகத் தாயகத்துப் பால்டிமோர் நகரில் நிலத்தின்மேலும் கண் வைத்திருந்தார். கப்பல் வெற்றி பெறும், நாம் பால்டிமோர் போய்க் காரியத்தை நடத்துவோம் என்று சொல்லிக்கொண்டே வயது எழுபதைத் தாண்டியது. கப்பலும் ஓடவில்லை; அவரும் போகவில்லை.

அவர் இறந்தபின் சர்க்கார் மரண வரி கேட்டது. 37 ஆண்டு இங்கே இருந்து இங்கேயே இறந்தவர் இங்கிலாந்து டொமிசைல்காரர்தாமே என்பது சர்க்காரின் வாதம். கீழ்க் கோர்ட்டுகளில் அவ்வாதமே வென்றது. வழக்குப் பிரபுக்கள் சபைக்குப் போயிற்று. 1904-இல் அங்கே தீர்ப்பு மாறியது. பிறவி டொமிசைல் எளிதில் போவதன்று. போயிற்று என்று சொல்பவன்தான் அதை நிரூபிக்க வேண்டும். இவர் மனத்தில் பால்டிமோர் கடைசி வரை இருந்தது. இங்கேயே நிலைத்துவிடுவேன் என்ற தீர்மானம் இருந்ததாகச் சர்க்கார் காட்டவில்லை. ஆதலால் அவர் இங்கே வசித்தவரே ஒழிய, இங்கத்தியவர் அல்லர் என்று பெரும்பான்மையோர் கருதினர். ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார்.

இக்கதையைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சற்று நேரத்தில் அது நின்றுவிட்டது. ரிடையர் ஆனதும் ஊருக்குப் போய்விடுவோம், ஆற்றங்கரையில் நான்கு தென்னை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்போம் என்று நம் காலனியில் சொல்லாதார் யார்? நமக்குச் சுருட்டுக் கப்பல் கிடையாது. தென்னை மரம் இருக்கிறது. அவ்வளவே வித்தியாசம்.

இரண்டாவது கதை இதற்கு நேர்மாறானது. ஜார்ஜ் பௌவி என்பவர் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் 1845-இல் பிறந்தார். ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்கும் உத்தியோகம் பார்த்தவர், 37-ஆம் வயதில் அதை விட்டுவிட்டு, அப்புறம் உழைப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். உடன்பிறந்தாரை அண்டியே பிழைப்பு. 1892-இல் லிவர்பூல் நகரிலிருந்த சகோதரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சிறு பயணங்கள் தவிர, 1927-இல் இறக்கும் வரை அந்நகரத்தை விட்டு அகலவில்லை. பெற்ற தாய் மறைந்தபோதுகூடக் கிளாஸ்கோவுக்குப் போக மறுத்தார். தமக்கு வேண்டிய கல்லறை இடத்தையும் லிவர்பூலிலேயே ஏற்பாடு செய்துகொண்டார். ஆயினும், நான் கிளாஸ்கோக்காரன் என்று பெருமை பேசுவதை மட்டும் அவர் விடவில்லை.

அவர் எழுதி வைத்த உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்து இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி, தன் கையாலேயே எழுதிய அத்தகைய உயில் செல்லும். ஆங்கிலச் சட்டப்படி செல்லாது. எனவே அவருடைய டொமிசைல் எது என்பதில் உயிலின் உயிரே தங்கியிருந்தது. உயிலில் பங்கு பெற்ற மருத்துவமனைகள் பலவும் வழக்கில் சம்பந்தப்பட்டன. 1930-இல் பிரபுக்கள் சபை, அவர் ஸ்காட்லாந்துக்காரரே, உயில் செல்லும் என்று தீர்த்தது. ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்தது உண்மை. ஆனால் சும்மா இருந்ததைத் தவிர வேறொன்றும் அவர் தீர்மானிக்கவில்லை. சும்மா இருப்பது சுகமாகலாம், டொமிசைல் ஆகாது!

ஒருவர் போக ஆசைப்பட்டும் போகாதவர். மற்றவர் போக ஆசையே இல்லாதவர். இருவருக்கும் முடிவு ஒன்றே. உடம்பின் ஆண்டுக் கணக்கு மட்டும் மனத்தின் கணக்கைத் தீர்த்துவிடவில்லை.

நம் நாட்டில் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் இக்கொள்கையையே ஒட்டிச் செல்கிறது. வெளிநாட்டார் ஒருவர் சர்க்கார் உத்தியோகத்தின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ இந்தியாவில் தங்கியிருப்பதால் மட்டும் இங்கே நிலையான குடி கொண்டவராகார் என்று அச்சட்டம் விளக்கம் சொல்கிறது. உத்தியோகம் உட்கார வைக்கிறது, வீடாக்குவதில்லை. விவாகமான பெண்ணுக்குக் கணவனுடைய டொமிசைல் வந்துவிடுகிறது. நாம் பிறந்தகம், புக்ககம் என்று சொல்வதை அதில் காணலாம். மைனர் பிள்ளையின் டொமிசைலோ பெற்றோருடையதைப் பின்தொடர்கிறது. இப்பகுதி இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர், சீக்கியர், ஜைனர் ஆகியோரின் சொத்துக்குப் பொருந்தாது. நம் காலனியிலுள்ள கிறிஸ்தவ அன்பர்கள் உயில் எழுதும் காலத்தில் நினைவில் வைக்கத் தக்கது என்பதனால் சொன்னோம்.

வாக்காளர் பட்டியலுக்கு வேண்டியது டொமிசைலும் அன்று, வெறும் ரெசிடென்ஸும் அன்று. சாதாரணமாக வசித்தல் என்ற மூன்றாவது ஒன்று. ஒரு தொகுதியில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே சாதாரணமாக வசிப்பவராகக் கருதப்பட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20-ஆம் பிரிவில், தெளிவாகச் சொல்கிறது. ஊரில் பூட்டிக் கிடக்கும் பங்கு வீட்டைக் காட்டி அங்கே ஒரு வாக்கும், குவார்ட்டர்ஸைக் காட்டி இங்கே ஒரு வாக்கும் வைத்துக்கொள்ள நினைப்போர் இதனை அறிய வேண்டும்.

இனி நம் தலைவலிக்கு வருவோம். மகாராஷ்டிரத்தில் இருக்கும் நமக்கு வயது, தேசியம், டொமிசைல் என்ற மூன்றையும் சேர்த்து ஒரே சான்றிதழ் தருகிறார்கள். மராத்தியில் டொமிசைலை ‘அதிவாஸ்’ என்றும், வசிப்பவரை ‘ரஹிவாசி’ என்றும் எழுதுகிறார்கள். அதிவாசம் நமக்கும் பழகிய சொல்லே. கும்பாபிஷேகம் கண்டவர்கள் அறிவார்கள்: புது விக்கிரகத்தைத் தண்ணீரில் வைப்பது ஜலாதிவாசம், நெல்லில் வைப்பது தானியாதிவாசம். அவையெல்லாம் சில நாள் இருப்பு. பிறகே பீடத்தில் ஏற்றி அஷ்டபந்தனம் சாத்துவார்கள். அதுதான் நிலையான இருப்பு. கோயிலில் தற்காலிகத்தைக் குறித்த சொல் தாசில் காரியாலயத்தில் நிரந்தரத்தைக் குறிக்கிறது! சொல் ஊர் மாறினால் பொருளும் இடம் மாறிக் குடியேறும் போலும்.

இருக்கட்டும். அச்சான்றிதழுக்குக் கேட்பது என்ன? இம்மாநிலத்தில் 15 ஆண்டுகள் வசித்ததற்கு அத்தாட்சி. உமது மனம் எங்கே இருக்கிறது, ஓய்வு பெற்றபின் எங்கே போவீர், தென்னை வைக்கப் போகிறீரா என்று எவரும் கேட்பதில்லை. பெயர் டொமிசைல், கேட்பது ரெசிடென்ஸ். இப்போது சொன்ன இந்த ஒரு வரிக்காகவே இவ்வளவு நேரம் சுற்றி வந்தோம்.

இந்தக் குழப்பம் உயர்ந்த நீதிமன்றத்திற்கும் பல முறை சென்றிருக்கிறது. 1955-இல் ஜோஷி வழக்கு. இந்தூர் மருத்துவக் கல்லூரியில், அப்போதிருந்த மத்திய பாரத ராஜ்யத்தின் வாசிகளுக்கு இல்லாத தனிக் கட்டணம் ஒன்று வெளியாருக்கு விதிக்கப்பட்டது. தில்லியைச் சேர்ந்த மாணவர் அதை எதிர்த்தார். பிறந்த இடம் பற்றி வேற்றுமை காட்டுவதைத்தான் 15-ஆவது ஷரத்து தடுக்கிறது. வசிக்கும் இடம் பற்றிய வேற்றுமை அதில் அடங்காது என்று சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை கூறிற்று. டொமிசைல் என்று விதியில் எழுதியிருந்தாலும், கருதியது வாசத்தையே என்றும் விளங்கிற்று. அப்பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம்மவரான டி. எல். வெங்கடராம அய்யர். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் ஆழ்ந்த புலமையுடையவர். 1944-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். ராகத்துக்கு ராகம் நுட்பமான வேற்றுமை காணப் பழகிய செவி, சொல்லுக்குச் சொல் வேற்றுமை காண்பதில் வியப்பென்ன?

பிறகு 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் தெளிவாகச் சொன்னார். இந்தியப் பிரஜைக்கு உள்ளது ஒரே டொமிசைல். அது இந்திய நாடு. மாநிலத்திற்கு ஒரு டொமிசைல் என்பது நம் அரசியல் சட்டத்தில் இல்லை. மாநிலங்கள் அச்சொல்லை வாசம் என்ற பொருளில் தளர்வாக எடுத்தாள்கின்றன என்பது அதன் சாரம். 2025 ஜனவரி 29-ஆம் தேதி, மருத்துவ மேற்படிப்பில் மாநில வாசத்தைக் கொண்டு இடம் ஒதுக்குவதே செல்லாது என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தபோதும் இக்கருத்து மீண்டும் வலியுறுத்தப்பட்டது. ஆயினும் எம்.பி.பி.எஸ். போன்ற முதற்பட்டப் படிப்புகளில் ஓர் எல்லைக்கு உட்பட்டு மாநில வாசிகளுக்கு முன்னுரிமை தருவதை 1984-ஆம் ஆண்டின் தீர்ப்பு தடுக்கவில்லை. அதனால் சான்றிதழும் போகவில்லை. சான்றிதழின் தலைப்பிலிருந்து அந்தத் தவறான சொல்லும் போகவில்லை.

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டுத் தாலுகா காரியாலயங்களைப் பாராட்டத்தான் வேண்டும். பிறப்பிடச் சான்று, இருப்பிடச் சான்று என்று இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். எதைக் கேட்கிறார்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது.

இவ்வளவு விவரமும் எங்களுக்கு எப்படித் தெரிந்தது? பட்டபின் தெரிந்தது. அதனையும் சபையில் சொல்லிவிடுவதே நேர்மை.

எங்கள் மூத்த மகன் இந்நகரத்திலேயே பிறந்தவன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவன். மராத்தியை எங்களைக் காட்டிலும் நன்றாகப் பேசுபவன். பொறியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்தது. டொமிசைல் எந்த மாநிலம் என்ற கட்டத்துக்கு எதிரே நின்று, “அப்பா, மகாராஷ்டிரம் என்று போடட்டுமா?” என்று கேட்டான். எங்களுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. “நமக்கு ஊர் அம்பாசமுத்திரத்துப் பக்கம். தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. குலதெய்வம் இருக்கிறது. ஊரை மறைத்துப் பிழைக்க வேண்டுமா? தமிழ்நாடு என்று போடு” என்றோம். பிள்ளை மறுபேச்சின்றி அப்படியே போட்டான். வைனன்ஸ் துரை எங்கள் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டார் போலும்.

பட்டியல் வெளியானபோது அவன் வெளிமாநிலத்து மாணவர் வரிசையில் இருந்தான். அவனைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற அவன் தோழர்களுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஓடினோம். திருத்தலாம், ஆனால் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றார்கள். சான்றிதழுக்கு விண்ணப்பித்து அது கைக்கு வருவதற்குள் திருத்தும் நாள் கடந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் முயன்றோம், அவன் அங்கே ஒரு வகுப்பும் படித்தவனல்லன், அங்கே வேண்டிய சான்றுகளைத் திரட்டவும் காலம் போதவில்லை. இரண்டு ஊருக்கும் இல்லாதவனாகப் பிள்ளை நின்றான்.

இதிலும் வெட்கப்பட வேண்டியது ஒன்றுண்டு. இம்மாநிலத்தில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கென்று அப்படிவத்திலேயே வேறொரு பிரிவு இருந்தது. அதற்குத் தேவையானது, இன்னார் இங்கே பணிபுரிகிறார் என்ற காரியாலயச் சான்று ஒன்றே. அத்தகைய சான்றுகளைத் தட்டெழுதி, அதிகாரியின் கையொப்பம் வாங்கி, எத்தனையோ பேருக்குக் கொடுத்தது எங்கள் மேசைதான். எங்கள் பிள்ளைக்கு ஒன்று வேண்டும் என்பது மட்டும் எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

அவ்வாண்டு தனியார் கல்லூரியில் சேர்த்தோம். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன் இன்னும் சம்பளத்தில் பிடித்தமாகிறது. பிள்ளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒருநாள் இரவு மட்டும், “அவர்கள் எத்தனை வருடம் இருந்தாய் என்றுதானே அப்பா கேட்டார்கள்? நீங்கள் எந்த ஊர் என்று கேட்டதாக நினைத்துவிட்டீர்கள்” என்றான். நாங்கள் பின்னால் படித்த தீர்ப்புகளெல்லாம் அந்த இரண்டு வாக்கியத்திற்குள் அடங்கிவிட்டன.

ஆகவே காலனிப் பெற்றோர்க்குச் சில சொல்ல வேண்டும். ரயில்வேக்காரருக்குத் தனியான ஆபத்துகள் உள்ளன. நமக்கு டிவிஷன்தான் தேசம்; மாநில எல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. நாகபுரி டிவிஷனில் உள்ள ஆம்லா மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. புசாவல் டிவிஷனில் உள்ள புர்ஹான்பூரும் அப்படியே. அதே டிவிஷனில் மாற்றல், அடுத்த ஸ்டேஷன்தானே என்று குடும்பத்தோடு கிளம்புகிறோம். பிள்ளையின் 15 ஆண்டுக் கணக்கு அங்கே முறிந்து போகிறது. மாற்றல் உத்தரவு வரும்போது பிள்ளை எத்தனையாம் வகுப்பு, எந்த மாநிலத்தில் எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதையும் எண்ணிப் பார்த்து, வேண்டுமானால் குடும்பத்தை இருந்த இடத்திலேயே வைக்க முயல்வது நலம்.

அடுத்தது, குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றபின் அதைக் காலி செய்தாக வேண்டும்; நாம் காலி செய்தவுடன் அந்த விலாசத்தில் வேறொருவர் பெயர் ஏறிவிடும். முப்பது ஆண்டு இருந்தோம் என்பதற்குச் சுவரும் சாட்சி சொல்லாது, முற்றத்து முருங்கையும் சாட்சி சொல்லாது. குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய உத்தரவுகள், மின்சார ரசீதுகள், ரேஷன் கார்டு, பள்ளியை விட்ட சான்றிதழ்கள், பிள்ளையின் பிறப்புச் சான்று ஆகிய இவற்றை ஒரு டிரங்குப் பெட்டியில் ஆண்டு வாரியாக அடுக்கி வையுங்கள். பழைய காகிதம் என்று தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சான்றிதழைத் தேர்வு முடிவுக்குப் பிறகு தேடாமல், பிள்ளை பதினோராம் வகுப்பில் கால் வைக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

எங்கள் மகளுக்கு அவ்வாறே வாங்கிவிட்டோம். அதில் அவள் மகாராஷ்டிர டொமிசைல்காரி. சட்டப்படி அச்சொல் பிழை என்று எங்களுக்குத் தெரியும்; சண்டை போடவில்லை. அவளும் ரயிலில் யாரேனும் எந்த ஊர் என்று கேட்டால் அம்பாசமுத்திரம் என்றுதான் சொல்கிறாள். இரண்டு முறைதான் அங்கே போயிருக்கிறாள். எங்கள் சர்வீஸ் புக்கில் நிரந்தர விலாசம் என்ற இடத்தில் அந்தக் கிராமமே இருக்கிறது. அதை மாற்றக் கோரும் விண்ணப்பம் ஒன்றை மூன்று மாதத்திற்கு முன்பு தட்டெழுதி வைத்தோம். கையெழுத்திடாமல் மேசை டிராயரில் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கட்டடத்தில் நாங்கள் இருப்போம். பிள்ளைகளின் படிவங்களைக் கொண்டு வருவோர் வரலாம். நிரப்பியபின் அன்று, நிரப்புவதற்கு முன் கொண்டு வாருங்கள்.  அடுத்து வரும் நாடகத்துக்குக் குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு பொறுமையிழந்து நிற்கிறார்கள்.